தூக்கிப் போடுவதற்கென்றே ஒரு படலம்

வெள்ளிக் குத்துவிளக்கு கருத்துப் போனால் விபூதி போட்டுத் தேய்த்தால் போதும், பழையபடி பளபளக்கும். அதே வெள்ளி கண்ணாடி மேல் பத்துப் பதினைந்து நானோமீட்டர் கனத்தில் இருந்தால்? தேய்க்கிற தேய்ப்பில் வெள்ளியே மிஞ்சாது.

வெயில் சூட்டைத் தடுக்க பெரிய கட்டடங்களில் போடுகிற 'லோ-இ' கண்ணாடியின் கதை இதுதான். வெற்றிட அறைக்குள் வைத்து வெள்ளியையும் உலோக ஆக்சைடுகளையும் அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் அடைபட்டபின் பூச்சுக்கு ஆயுசு கெட்டி. கண்டமெல்லாம் அதற்கு முன்னால்தான். வெட்டும் மேஜை, விளிம்பு தேய்க்கும் சக்கரம், கழுவும் பிரஷ், ஈரக்காற்று, வியர்த்த விரல்.

பல கீறல்கள் விழுந்தபோதே கண்ணில் படாது. டெம்பர் செய்ய 600 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது கீறலோரம் வெள்ளி திரண்டு, அப்புறம்தான் பல்லிளிக்கும். டெம்பர் ஆன கண்ணாடியை மறுபடி வெட்டி வேறு அளவுக்குப் பயன்படுத்தவும் முடியாது, நொறுங்கிவிடும். அதற்குள் வெட்டுக்கூலி, தேய்ப்புக்கூலி, கரண்ட் செலவு எல்லாம் அதன் தலையில் ஏறியிருக்கும். காஸ்டிங் புத்தகத்தில் 'நார்மல் லாஸ்' என்று ஒரே வரியில் முடிகிற விஷயம் பட்டறையில் சண்டையாக முளைக்கிறது. பூச்சு போட்டவர் வெட்டியவரைக் கைகாட்ட, வெட்டியவர் லாரியைக் கைகாட்ட, கடைசியில் கண்ணாடியைத் தூக்கிய தொழிலாளி தலையில் விடியும். (அவருக்குக் கையுறை கொடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை!)

இதற்குத்தான் தற்காலிகப் படலம். பூச்சு போட்ட சூட்டோடு மெல்லிய பாலிஎதிலீன் தாளை அதன்மேல் ஒட்டிவிடுவது. தாளோடு சேர்த்தே வெட்டலாம், விளிம்பு தேய்க்கலாம், கழுவலாம். உலைக்குள் போகுமுன் மட்டும் மறக்காமல் உரித்துவிட வேண்டும். சூட்சுமம் பசையில் இருக்கிறது. பிடிப்பு அதிகமானால் உரிக்கும்போது பூச்சைப் பதம் பார்க்கும், இல்லாவிட்டால் கறை விடும். குறைந்தால் கழுவுகிற தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அப்புறம் தாள் இருந்தென்ன, இல்லாமல் என்ன!

தாளுக்கு ஆகும் செலவு கண்ணாடி விலையிலேயே சேர்ந்துவிடுகிறது. காசு கொடுப்பவர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் உலையிலிருந்து கீறலோடு வரும் ஒரே ஒரு பெரிய கண்ணாடியின் நஷ்டத்தைப் போட்டுப் பார்த்தால் இது தண்டச் செலவு இல்லை என்பது புரியும். மிச்சம் இருக்கிற தலைவலி, உரித்த பிளாஸ்டிக் குப்பை. அதற்கும் செயின் கோபேன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. அவர்களுடைய 'ஈஸிபுரோ' வகையில் தாளுக்குப் பதில் ஒரு காப்புப் பூச்சு. உரிக்கிற வேலையே கிடையாது, டெம்பர் உலையிலேயே எரிந்து போய்விடுகிறது.