பெருங்கப்பலும் சிறுபடகும்

வன்னியிலே, புளியங்குளம் போன்ற ஊர்களிற் பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் குளத்தின் அலையே பெரிய அலை. இரயிலேறிக் கொழும்புக்குச் செல்லும் எம் மாணவர், துறைமுகத்திலே மலைபோல் நிற்கும் கப்பல்களைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அக்கப்பல்களைக் கரைசேர்த்த சிறு படகுகளைப் பற்றி வினவினால் அவர்களிடம் விடையில்லை. இழுவைப் படகு எனப்படும் அச்சிறு படகைப் பற்றியே இங்குச் சில கூற விரும்புகின்றேன்.

கொழும்பு இயற்கை அளித்த துறைமுகமன்று. முன்னாளிற் கப்பல்கள் அங்கே காப்பற்ற கடலில் நங்கூரமிட்டு, சோளகக் காற்றில் அலைப்புண்டு கிடந்தன. 1875ஆம் ஆண்டில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் தென்மேற்குச் சுவர் முற்றுப்பெற்றது. அதன்பின் காலித் துறைமுகத்துக்கு இருந்த முதன்மை கொழும்பை வந்தடைந்தது. சுவர் அலையைத் தடுத்தது. கப்பல் நுழையும் வாயிலையும் ஒடுக்கிற்று. இன்றோ ஏறத்தாழ 400 மீற்றர் நீளமுள்ள கொள்கலன் கப்பல்களும் இங்கு வருகின்றன.

ஆழ்கடலில் அரசனைப்போற் செல்லும் கப்பல், துறைமுக வாயிலில் ஏன் பிறர் துணையை நாடுகின்றது? சுக்கானைத் தழுவி நீர் விரைந்தோடும்போதே கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்படும். வேகம் குறையக் குறையச் சுக்கான் வலுவிழக்கின்றது. அடுக்கிய கொள்கலன்களோ பாய்போல நின்று காற்றை வாங்குகின்றன. அந்நிலையிலே கப்பலின் முன்னும் பின்னும் நின்று இழுத்தும், பக்கத்தில் மூக்கை ஊன்றித் தள்ளியும், அதனை அங்குலம் அங்குலமாக அணைகரையிற் சேர்ப்பவை இழுவைப் படகுகளே. இக்காலப் படகின் உந்துவிசிறிகள் எத்திசைக்கும் திரும்ப வல்லவை. 30 மீற்றர் நீளமுள்ள படகொன்று 60 தொன் விசையுடன் இழுக்கும். கரையிலுள்ள கட்டுத்தறியிற் படகைப் பிணைத்து, முழுவிசையுடன் இழுக்கச் செய்து இந்த வலுவை அளக்கின்றனர்.

இத்தொழில் நம் பகுதிக்குப் புதிதன்று. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், மேற்கிந்தியாவின் பரிகாசா துறையிலே அரச பணியிலிருந்த மீனவர், ஆட்பலம் மிக்க படகுகளில் எதிர்சென்று, அந்நியக் கப்பல்களுக்கு வழிகாட்டி, அவற்றைக் கட்டியிழுத்து வந்தனர் எனக் குறிப்பிடுகின்றது. அன்று தோள்வலி செய்த வேலையை இன்று எந்திரம் செய்கின்றது.

துறைமுகத்தினுள் அனுமதியின்றிப் படமெடுத்தல் ஆகாது. ஆதலால், உரியவரின் ஒப்புதலுடன், கோட்டைப் பகுதியிலுள்ள உயர்ந்த கட்டடமொன்றின் மேல்மாடியிலே, தொலைநோக்கு வில்லை பூட்டிய கமராவுடன் ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். கப்பல் முழுவதையும் படத்துள் அடக்கினாற் படகு எறும்பாகிவிடும். படகை நெருக்கி எடுத்தாற் கப்பல் வெறுஞ் சுவராகிவிடும். மற்றொரு புதுமையும் கண்டேன். மிகக் கடுமையாக உழைக்கும் வேளையிற் சிலபோது படகு அசைவதேயில்லை. வடம் தொய்ந்திருந்தால் அஃது ஓய்வு. வடம் வில்லின் நாண்போல் விறைத்து, படகின் பின்னே வெண்ணுரை கொதித்தெழுந்தால் அஃது உழைப்பு. இதனை அறிந்த பின்னரே எதைப் படமெடுப்பது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

அவ்வடத்திலே உயிராபத்தும் உண்டு. அது பக்கவாட்டிலே இழுபடுமாயின், கப்பலின் வேகமே படகைக் கவிழ்த்துவிடும். ஆதலாற் கணப்பொழுதில் வடத்தைக் கழற்றிவிடும் பொறியை அமைத்துள்ளனர். அறுந்த வடம் சாட்டையெனச் சுழன்று ஆளைக் கொல்லவும் கூடும்.

இழுவைப் படகுகளின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று 2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அமெரிக்காவிலே நடந்தது. கொழும்பை நோக்கிப் பால்ற்றிமோரிலிருந்து புறப்பட்ட டாலி என்னும் கப்பலை, இரண்டு இழுவைப் படகுகள் கரையிலிருந்து விலக்கிவிட்டு, வழக்கம்போல் அகன்றன. சிறிது நேரத்திற் கப்பலில் மின்சாரம் நின்றது. ஏறத்தாழ 300 மீற்றர் நீளமுள்ள அக்கப்பல் பாலத்தின் தூணில் மோத, பாலம் இடிந்து, அதன்மீது வேலை செய்துகொண்டிருந்த அறுவர் மாண்டனர். படகுகள் பாலம் கடக்கும்வரை உடன் சென்றிருந்தால் என்னாகியிருக்கும் என்ற கேள்வி அப்போது பலராலும் கேட்கப்பட்டது.

படகு எல்லாம் வல்லதென்று கூறவும் இயலாது. 2021ஆம் ஆண்டு கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, படகுகள் நாட்கணக்காக நீரைப் பாய்ச்சின. யூன் 2ஆம் நாள் அதனை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லவும் முயன்றனர். பின்புறம் கடலடியிற் தட்டவே அம்முயற்சி கைகூடவில்லை.

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பர். ஆயினும் இப்படகுகளுக்குக் கீர்த்தி வாய்ப்பது அரிது. விபத்து நேர்ந்தாற் செய்தி உண்டு. நேராது தடுத்த நாட்களுக்குச் செய்தியில்லை. மாணவர்காள், அடுத்த முறை கொழும்புக்குச் சென்றாற் கப்பலின் பெயரை வாசிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் முன்னும் பின்னும் நோக்குங்கள். வடம் விறைத்திருக்கின்றதா என்று பாருங்கள்.