பகலில் தூங்காத பாப்பாவும் சளி மருந்து பாட்டிலும்

புதன்கிழமை தடுப்பூசிக்கு வர்ற அம்மாக்கள், ஊசியைவிட தூக்கத்தைப் பத்திதான் அதிகம் கேட்பாங்க. "பகல்ல அரை மணி நேரம்கூட தூங்க மாட்டேங்குறான் மேடம்." பக்கத்துல நிக்கிற பாட்டி உடனே முடிச்சிடுவாங்க: "பால் பத்தல டாக்டரம்மா."

இதைப் பத்தி ஒரு இழை. கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு அனுப்புங்க.

1) பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனா துண்டு துண்டாத்தான் தூங்கும். ஒரு சுற்று தூக்கமே முக்கால் மணி நேரம்தான். சுற்று முடியும்போது நெளியும், முனகும். நாம "முழிச்சிட்டான்"னு தூக்கிடுறோம். ஒண்ணு ரெண்டு நிமிஷம் கை வைக்காம பாருங்க. பல நேரம் தானே மறுபடி தூங்கிடும்.

2) தூக்கத்தை வச்சு பால் அளவை முடிவு பண்ணாதீங்க. நாளைக்கு ஆறு தடவைக்கு மேல சிறுநீர் போகுதா, எடை ஏறுதா? அப்போ பால் போதும். இந்த ஒரு சந்தேகத்துல மாவுப்பால் டப்பா நுழைஞ்ச வீடுகள் ஏராளம். குழந்தை வாய் வைக்கிறது குறைஞ்சா தாய்ப்பாலும் குறையும். அப்புறம் "நான் அப்பவே சொன்னேன்ல" வேற.

3) பகல், இரவு வித்தியாசம் உடம்புக்குப் புரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். பகல்ல ஜன்னலைத் திறந்து வைங்க, வீட்டுச் சத்தம் இருக்கட்டும். ராத்திரி பால் கொடுக்கும்போது மங்கலான வெளிச்சம் போதும், கொஞ்சல் வேண்டாம்.

4) ரெண்டு மாசக் குழந்தை ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம்தான் முழிச்சிருக்க முடியும். அதுக்கு மேல போனா களைப்புலயே வீறிட்டு அழும். வெறிச்சுப் பார்க்குது, முகத்தைத் திருப்புது, கொட்டாவி விடுதுன்னா அப்பவே படுக்க வைங்க.

5) தூளிக்கு நான் எதிரி இல்ல. நாமெல்லாம் அதுல வளர்ந்தவங்கதான். ஆனா சேலை ஆழமா தொங்கினா குழந்தையோட தாடை நெஞ்சுல மடங்கி மூச்சு தடைபடலாம். முகம் எப்பவும் கண்ணுக்குத் தெரியணும், பக்கத்துல ஆள் இருக்கணும். தூங்கினதும் சமமான, கெட்டியான படுக்கைக்கு மாத்தி மல்லாக்கப் படுக்க வைங்க. தலையணை வேண்டாம்.

6) இனி நான் பயப்படுற விஷயம். ஒரு பாட்டி பையிலிருந்து சளி மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க. மூத்த பேரனுக்கு வாங்கினது. "கொஞ்சமா விட்டா நல்லா தூங்குறான்." அந்தத் தூக்கம் மருந்தோட பக்கவிளைவு. பச்சைக்குழந்தைக்கு அது மூச்சையே மந்தமாக்கலாம். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயசுக்குள்ள கொடுக்கக் கூடாதுன்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. தூங்கறதுக்காக எந்த சிரப்பும் வேண்டாம். தேன், வசம்பு, உரைமருந்து எதுவும் வாயில வைக்க வேண்டாம்.

7) அந்தப் பாட்டி கெட்டவங்க இல்ல. சிசேரியன் ஆன மக ராத்திரி பகலா தூங்காம இருக்கறதைப் பார்க்கத் தாங்கல. நோய் என்னன்னு சரியா கண்டுபிடிச்சிட்டாங்க, மருந்துதான் தப்பு. அங்கே தூக்கம் தேவைப்பட்டது அம்மாவுக்கு. ஒரு தடவை பால் குடிச்சு முடிச்சதும் அப்பாவோ பாட்டியோ குழந்தையை வாங்கிக்கிட்டு, அம்மாவை அடுத்த பசி வரைக்கும் தூங்க விடணும். துணி, பாத்திரம், விருந்தாளி எல்லாம் மத்தவங்க பொறுப்பு.

8) பால் குடிக்க மறுத்தா, எழுப்பினாலும் எழும்பாம துவண்டு கிடந்தா, மூச்சு வேகமா வாங்கினா, அது தூக்கப் பிரச்னை இல்ல. காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

என் பொண்ணும் முதல் மூணு மாசம் பகல்ல முக்கால் மணி நேரத்தைத் தாண்டினதில்ல. வளர வளர தானா நீளும். அதுவரைக்கும் சளி மருந்தை குழந்தை பக்கமே கொண்டு போகாதீங்க. அம்மாகிட்ட "நீ போய் படு, நான் பார்த்துக்கறேன்"னு சொல்லுங்க.