எந்தக் காரை வாங்குவது?

தமக்காகக் கார் வாங்குபவர் தமக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். வாடகைக்கு விடுவதற்காக வாங்குபவருக்கு அந்த உரிமை இல்லை. பழங்காலக் கார்களையும் விலையுயர்ந்த விளையாட்டு வகைக் கார்களையும் திருமணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு விடும் தொழில் இன்று மலேசியாவில் நடந்து வருகிறது. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கைப் போலத் தோன்றும். ஆனால், அத்தொழில் நிலைக்குமா நிலைக்காதா என்பது முதல் காரை வாங்கும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஈப்போவில் ஓர் இளைஞன் இத்தொழிலைத் தொடங்க விரும்பினான். அவனுடைய தாயார் 55 வயதை எட்டியதும் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த 120,000 ரிங்கிட்தான் மூலதனம். பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் அது. தாயார் மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். “உன் மாமா பார்த்துச் சரியென்று சொல்லாத காருக்கு நான் ஒரு காசும் தரமாட்டேன்,” என்றார். மாமா, அதாவது தாயாரின் அண்ணன், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் பட்டறை நடத்தி வருபவர்.

இளைஞன் கொண்டு வந்த பட்டியலில் நான்கு கார்கள் இருந்தன: ஃபெராரி எஃப் 355, ஜாகுவார் ஈ-டைப், ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ, மினி. முதல் இரண்டிற்கும் தாயாரின் பணம் போதாது. அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்பது அவனுடைய திட்டம். மாமா பட்டியலைப் படித்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “ஒவ்வொன்றாகப் பார்ப்போம், தம்பி,” என்று மட்டும் சொன்னார்.

ஃபெராரி எஃப் 355, 1990களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்த கார். அதன் அழகைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அதன் இயந்திரத்திலுள்ள டைமிங் பெல்டைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்ற வேண்டும். அதற்கு இயந்திரத்தையே காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். சாதாரணக் காரில் சில மணி நேரத்தில் முடியும் வேலை, இதில் பல நாள்களையும் பெருந்தொகையையும் விழுங்கிவிடும். வாடகைக்கு எடுப்பவரே ஓட்டுவதாக இருந்தால், பழக்கமில்லாத காலில் கிளட்ச் விரைவில் தேய்ந்துவிடும். இவற்றையெல்லாம் சமாளித்தாலும் ஈப்போவின் குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் வேகத்தடைகளை என்ன செய்வது? தரையோடு தரையாக ஓடும் கார், மணமகள் வீட்டு வாசலை அடைவதற்குள் முன்பகுதியை நான்கு இடங்களில் உரசியிருக்கும்.

ஜாகுவார் ஈ-டைப், 1961ஆம் ஆண்டு ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமாகி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த கார். அதன் முதல் வகைகளில் இருக்கைகள் இரண்டுதான். ஓட்டுநர் ஒன்றில் அமர்ந்தால் மணமக்களில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும். மேலும், கோயிலிலிருந்து மண்டபத்திற்கு மேளதாளத்தோடு மெல்ல ஊர்ந்து செல்லும் ஊர்வலத்திற்கு அது ஏற்றதன்று. நெரிசலில் நின்று நின்று போகும்போது அதன் இயந்திரம் எளிதில் சூடேறிவிடும். குளிர்நாட்டில் பிறந்த காருக்கு நம் நாட்டு நண்பகல் வெயில் பெரும் சோதனை.

மூன்றாவது காரைப் பற்றித்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ 1965 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் மற்ற கார்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் அதிகமாக வெளிவந்ததால், பழைய ஷேடோ ஒன்றைச் சில நேரங்களில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைந்த விலையில் வாங்கிவிடலாம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அதன் பிரேக்கும் காரின் உயரத்தைச் சீராக வைத்திருக்கும் அமைப்பும் உயர் அழுத்தத் திரவத்தால் இயங்குபவை. அந்தத் தொழில்நுட்பம் பிரான்சின் சித்ரோயன் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றுப் பயன்படுத்தப்பட்டது. அதைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டிருந்தால், சரிசெய்யும் செலவு கார் வாங்கிய விலையையே நெருங்கிவிடலாம். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் பட்டறைக்குப் பட்டறை கிடைக்கமாட்டார்கள். மணமக்களை ஏற்றிச் செல்லும் காரில் பிரேக் பற்றிய ஐயம் கடுகளவும் இருக்கக்கூடாது என்பது மாமாவின் உறுதியான கருத்து. அதில் வாதம் செய்ய இடமில்லை.

மினியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர் தாயார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினி, சின்ன உடலுக்குள் நான்கு பேரை அமர வைத்த அறிவார்ந்த கார். உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, பழுதுபார்ப்பதும் எளிது. மாமாவுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்திருந்த ஒரு மினி அங்கே நின்றது. தாயார் தம் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து அதன் பின்னிருக்கையில் ஏற முயன்றார். இரண்டே கதவுகள், முன்னிருக்கையை மடித்துவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். புடவை கொசுவம் இருக்கை நீளத்தடத்தில் மாட்டிக்கொண்டது. “மாலையும் கழுத்துமாக ஒரு பெண் இதில் எப்படியப்பா ஏறுவாள்?” என்று உள்ளிருந்தபடியே கேட்டார். அதுவரை இயந்திரங்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த இரண்டு ஆண்களுக்கும் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கும், இருக்கை எவ்வளவு உயரம், தலைப்பாகையோடு அமர்ந்தால் கூரையில் இடிக்குமா என்பவை எந்தக் காரின் விளம்பரத்திலும் இருப்பதில்லை.

அதன் பிறகு தேடல் வேறு திசையில் சென்றது. நான்கு கதவுகள் இருக்க வேண்டும். குளிரூட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணமகளின் ஒப்பனை மண்டபத்தை அடையும்முன் கரைந்துவிடும். காற்றால் குளிரும் இயந்திரமுள்ள வோக்ஸ்வேகன் பீட்டலுக்குத் தண்ணீர் கொதிக்கும் கவலை இல்லையென்றாலும், கதவுகள் இரண்டுதான் என்பதால் அதுவும் கழிந்தது. உதிரிபாகங்கள் ஒரு வாரத்திற்குள் கிடைக்க வேண்டும். நிறமும் முக்கியம், சில குடும்பங்களில் கறுப்பு நிறக் காரை மணமக்களுக்கு ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். வெள்ளையோ சந்தன நிறமோ எல்லா இனத்தாரின் திருமணங்களுக்கும் பொருந்தும். எல்லா இனத்தாரையும் எண்ணிப் பார்ப்பது வெறும் நல்லெண்ணமன்று. தமிழர்கள் ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் வைப்பதைத் தவிர்ப்பார்கள். சீனர்களில் பலர் தங்கள் நாள்காட்டியின் ஏழாம் மாதத்தைத் தவிர்ப்பார்கள். மலாய்க்காரர்கள் நோன்பு மாதத்தில் விருந்து வைப்பதில்லை. ஓர் இனத்தாரை மட்டும் நம்பினால் கார் பல வாரங்கள் கொட்டகையில் தூங்கும்.

இந்தச் சல்லடையில் தங்கியவை இரண்டு. ஒன்று, மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123. 1976இல் அறிமுகமாகி, ஏறத்தாழ 2.7 மில்லியன் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட இந்த வகை, பல நாடுகளில் டாக்சியாக ஓடி உழைத்தது. ஃபெராரியைப் போல எவரையும் திரும்பிப் பார்க்க வைக்காது என்று இளைஞன் முதலில் முகம் சுளித்தான். ஆனால், மணமக்களின் பெற்றோர்களுக்கு அது வேறு கார். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது ஊரில் முதலாளிகள் மட்டுமே போய்வந்த கார் அது. வாடகைப் பணத்தைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள்தாம் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

மற்றொன்று மோரிஸ் மைனர். இதுவும் இசிகோனிஸ் வடிவமைத்ததே, 1948இல் வெளிவந்தது. மலாயாவில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் ஓட்டிய கார் என்பதால் பழைய குடும்பப் படங்களில் இன்றும் அதைக் காணலாம். முகத்தில் ஒரு குழந்தைத்தனம் உண்டு. படம் எடுப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும். குளிரூட்டி இல்லாத குறையால் அதை நீண்ட பயணத்திற்கு அனுப்ப முடியாது. திருமணத்திற்கு முந்தைய படப்பிடிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 1917இல் திறக்கப்பட்ட ஈப்போ இரயில் நிலையத்தின் முன்னாலும், பத்து காஜாவிற்கு அருகில் தென்னிந்தியத் தொழிலாளர்களின் உழைப்பில் எழுந்து முற்றுப்பெறாமல் நின்றுபோன கெல்லி கோட்டையின் முன்னாலும் அந்தக் கார் நின்றால் எப்படி இருக்கும் என்பதை இளைஞனே வரைந்து காட்டினான்.

முதலில் பார்த்த மைனர், மரச்சட்டம் பொருத்திய டிராவலர் வகை. பளபளப்பாக இருந்தது. விற்பவரும் அன்பாகப் பேசினார். மாமா விரல் நகத்தால் மரத்தை மெல்ல அழுத்தினார். நகம் உள்ளே இறங்கியது. டிராவலரின் பின்பகுதியில் இருக்கும் மரம் அழகுக்காக ஒட்டப்பட்டதன்று. உடற்பகுதியைத் தாங்கி நிற்பதே அதுதான். நம் நாட்டு ஈரக்காற்றில் அது உளுத்துப்போனால் காரின் முதுகெலும்பே உளுத்ததாகப் பொருள். விற்பவர் விலையை 5,000 ரிங்கிட் குறைத்தார். மாமா நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

இரண்டாவதாகப் பார்த்த நான்கு கதவு மைனரில் துணி சுற்றிய சிறிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி நெடுகிலும் நகர்த்திப் பார்த்தார். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும். துருவை வெட்டி எடுக்காமல் மாவுப் பூச்சால் மூடி வண்ணம் அடித்திருந்தால் நழுவிவிடும். இரண்டு இடங்களில் நழுவியது. அவை சிறிய இடங்கள். பிறகு காரின் அடியில் படுத்து, முன்சக்கரங்களைத் தாங்கும் திருகு மூட்டுகளைப் பார்த்தார். அவற்றிற்கு முறையாக மசகு இடாமல் விட்டால் தேய்ந்துபோய், ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் உள்நோக்கி மடங்கிவிடும். அந்த மூட்டுகளைப் புதிதாக மாற்றுவது, ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட வால்வு இருக்கைகளை ஈயமற்ற பெட்ரோலுக்கு ஏற்றவாறு கடினமானவையாக மாற்றுவது, இருக்கை வார்களை உறுதியான பிடிமானத்தோடு பொருத்துவது ஆகிய மூன்றையும் செய்யாமல் காரை வாடகைக்கு விடுவதில்லை என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

இருக்கை வார் பற்றி இளைஞன் சற்று முணுமுணுத்தான். பழைய காரில் புதிய வார் தெரிந்தால் படத்தில் அழகு கெடும் என்பது அவன் வாதம். நம் நாட்டில் பின்னிருக்கையில் அமர்பவர்களும் வார் அணிய வேண்டும் என்ற விதி 2009இல் நடைமுறைக்கு வந்தது. விதி ஒருபுறம் இருக்கட்டும். திருமண நாளில் காரின் பின்னிருக்கையில் மணமக்களோடு அக்காள் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள். “வார் இல்லாமல் உன் அக்காள் மகளை அதில் உட்கார வைப்பாயா?” என்று மாமா கேட்டதும் பேச்சு முடிந்தது.

காப்புறுதியில்தான் இளைஞன் உண்மையிலேயே அதிர்ந்தான். சொந்தப் பயன்பாட்டிற்கு எடுக்கும் காப்புறுதி, வாடகைக்கு ஓடும் காரைக் காக்காது. விபத்து நேர்ந்தால் இழப்பு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். இங்கே அது தாயாரின் தலை. எனவே, வணிகப் பயன்பாட்டிற்குரிய காப்புறுதி, உரிமம், ஆய்வு ஆகியவற்றைப் பற்றி விசாரிக்காமல் எந்தக் காருக்கும் முன்பணம் கட்டுவதில்லை என்று மாமா அவனை அலுவலகம் அலுவலகமாக அனுப்பினார். மூன்று வாரங்கள் அலைந்தான்.

பிறகு மாமாவின் குறிப்பேட்டில் கணக்கு எழுதப்பட்டது. மெர்சிடிசை வாங்க 45,000 ரிங்கிட், சீரமைக்க 20,000. ஒரு திருமணத்திற்கு 900 ரிங்கிட் வாடகை. ஓட்டுநர் ஊதியம், எரிபொருள், மலர் அலங்காரம், துப்புரவு ஆகியவற்றிற்கு 250 போனால் மிச்சம் 650. ஆண்டுக்கு 30 திருமணங்கள் கிடைத்தால் 19,500. அதில் காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு, கொட்டகை வாடகை என 8,500 கழிந்தால் கையில் நிற்பது 11,000. போட்ட முதல் திரும்பி வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். இளைஞன் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபெராரிக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி மாமா பேனாவை நீட்டினார். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

மைனருக்கு 30,000 ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. மீதமிருந்த 25,000 ரிங்கிட்டைத் தொடக்கூடாது என்று தாயார் தம் பெயரிலேயே வங்கியில் போட்டுவிட்டார். திருமணத்தன்று காலையில் கார் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை காணப்பட்டது. திருமணத்திற்கு முந்தைய நாள் ஒவ்வொரு காரும் 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கப்படும். அன்று மாமாவின் சொந்தக் கார் கழுவித் துடைத்துத் தயாராக நிற்கும்.

கொட்டகையில் இன்னும் ஒரு காருக்கு இடம் இருக்கிறது. அதில் எதை நிறுத்துவது என்பதில் மட்டும் கருத்து ஒன்றுபடவில்லை. 1985இல் வெளிவந்த முதல் வகைப் புரோட்டோன் சாகா ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் சொல்லும்படி மாமா தம் நண்பர்களிடம் கேட்டு வைத்திருக்கிறார். அதன் முதல் கார் இன்று கோலாலம்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. “சாகாவை யார் மாமா வாடகைக்கு எடுப்பார்கள்?” என்று இளைஞன் கேட்டான். சென்ற மாதம் மெர்சிடிசுக்காக வந்த ஒரு தந்தை, தம் திருமணத்தன்று தாம் ஓட்டிய சிவப்புச் சாகாவைப் போல ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனதைத் தாயார்தான் நினைவூட்டினார்.