மிஸ்ரு மக்களுக்கு நான் பட்ட கடன்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். பத்து வயதில் என் முன் சம்மணமிட்டு அமர்ந்து ஓதியவர். இன்று வளைகுடா நாடொன்றில் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். ஸலாம் கூறி, நலம் விசாரித்து, பேரீச்சம்பழப் பொதியொன்றை என் கையில் தந்தவர், சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு, "ஹஜ்ரத், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எண்ணக் கூடாது" என்று தொடங்கினார்.

அவரோடு வேலை பார்ப்பவர்களில் மேல் மிஸ்ரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் உண்டாம். ஒரு நாள் இருவருக்குமிடையே வாய்ச்சண்டை மூண்டது. கோபத்தில் இவர், தமக்குத் தெரிந்த அரபியில், "ஃபிர்அவ்னின் பிள்ளைகள்தானே நீங்கள்!" என்று சொல்லிவிட்டார். அந்த முதியவர் பதிலுக்குச் சினக்கவில்லை. "ஃபிர்அவ்ன் எங்கள் நாட்டவன்தான், மகனே. அன்னை ஆசியா எந்த நாட்டவர்?" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் காலையில் வழக்கம்போல் தம் ரொட்டியைப் பிய்த்து, பாதியை இவர் பக்கம் நகர்த்தி வைத்தாராம்.

"அந்த ரொட்டி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, ஹஜ்ரத். அந்த வார்த்தையை எங்கே கற்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் பாடத்தில்தான்."

அவர் விடைபெற்றுச் சென்ற பின் வெகுநேரம் என்னால் எழுந்திருக்க இயலவில்லை. அவர் சொன்னது உண்மை. முப்பது ஆண்டுகளாக மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சிறுவர்களுக்குச் சொல்லி வருகிறேன். மிஸ்ரு என்றால் ஃபிர்அவ்ன், ஃபிர்அவ்ன் என்றால் ஆணவம், பிரமிடுகள் என்றால் அடிமைகளின் முதுகில் எழுந்த கல்மலைகள் - இவ்வளவே என் பாடம். கொடுங்கோலன் ஒருவனைக் கண்டிக்கப் புகுந்து, ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் அவன் கணக்கில் எழுதிவிட்டேன்.

அன்றிரவு என் புத்தக அலமாரியைத் திறந்தேன். முதலில் கைக்கு வந்தது, நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் தஃப்ஸீர் ஜலாலைன். அதன் ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஹிஜ்ரி 864இல் மறைந்த ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்). மற்றவர் அவர் விட்டுச் சென்ற பணியை நிறைவு செய்த ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்). இருவருமே மிஸ்ருக்காரர்கள்! அடுத்து, நம் இல்லங்களில் நோய் நொடிக்கும் நல்ல நாளுக்கும் ஓதப்படும் புர்தா. அதை யாத்த இமாம் பூஸீரி (ரஹ்) மிஸ்ரில் பிறந்து வளர்ந்தவர். அவர் பெயர் தாங்கிய பள்ளிவாசல் இன்றும் அலெக்ஸாந்திரியாவில் உள்ளது. தமிழ்க் கடற்கரை ஊர்களில் நாம் தொழுகை முதல் திருமணம் வரை பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாபிஈ (ரஹ்) அடங்கியிருப்பதும் கெய்ரோ மண்ணிலேதான். மிஸ்ரு ஊட்டிய சோற்றை நாள்தோறும் உண்டுகொண்டே, மிஸ்ரை ஏசக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இதைவிட வெட்கம் வேறென்ன?

பின்னர் திருமறையை விரித்தேன். மனனமான வசனங்களையே புதிதாகப் படிப்பவன்போல் படித்தேன். யூஸுஃப் நபி (அலை) காலத்து மிஸ்ரு அரசனைக் குர்ஆன் ஓரிடத்திலேனும் ஃபிர்அவ்ன் என்று அழைக்கவில்லை. 'மலிக்', அதாவது மன்னன் என்றே குறிப்பிடுகிறது. மூஸா நபி காலத்தவனுக்கு மட்டுமே ஃபிர்அவ்ன் என்ற பெயர். பழைய மிஸ்ரு மொழியில் 'பெர் ஆ' என்றால் பெரிய மாளிகை என்று பொருள். அரண்மனையைக் குறித்த அச்சொல் பிற்காலத்திலேயே அரசனைக் குறிக்கலாயிற்று என்று தொல்லியலார் கூறுவர். அந்த முதல் மன்னன் செய்ததென்ன? சிறையிலிருந்த அந்நியர் ஒருவரின் அறிவை மதித்தான். களஞ்சியத்தை அவர் கையில் ஒப்படைத்தான். அதனால் ஏழாண்டுப் பஞ்சத்தில் மிஸ்ரும் பிழைத்தது, அண்டை நாடுகளும் பிழைத்தன. இதுவும் மிஸ்ருதானே?

ஃபிர்அவ்னின் அவையிலும் நல்லோர் இருந்தனர். கொடியவன் வீட்டிலேயே வாழ்ந்து, இறைவனிடம் சுவனத்தில் வீடு கேட்ட ஆசியா அம்மையார். மூஸா நபியைக் கொல்லத் துணிந்த கூட்டத்தில் ஈமானை மறைத்து வைத்திருந்து, உரிய வேளையில் எழுந்து தடுத்துப் பேசிய அந்த மனிதர். காலையில் கூலி கேட்டு வந்து, உண்மையைக் கண்டதும் ஸுஜூதில் விழுந்து, கைகால் வெட்டப்படும் என்ற மிரட்டலுக்கும் அஞ்சாத சூனியக்காரர்கள். இவர்களையெல்லாம் என் பாடத்தில் ஓரத்தில் நிறுத்தி, ஒருவனையே நடுவில் நிறுத்தியிருந்தேன்.

இனி, அந்தக் கல்மலைகளின் கதைக்கு வருவோம். கீஸாவின் பெரிய பிரமிடு குஃபு என்ற மன்னனுக்காக எழுந்தது. இன்றைக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1990ஆம் ஆண்டு முதல் அதனருகே அகழ்ந்தபோது, கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டன. மன்னனின் நிழலிலேயே அவர்களை மரியாதையுடன் அடக்கியிருந்தார்கள். முறிந்து, பின் கூடிய எலும்புகள் அவர்களுக்கு மருத்துவம் பார்க்கப்பட்டதைச் சொல்கின்றன. அவர்களுக்கு ரொட்டி சுட்ட அடுக்களைகளும் கிடைத்தன. 2013இல் செங்கடலோரத்து வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்த பபைரஸ் ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு உள்ளது. தம் ஆட்களுடன் தூராவிலிருந்து சுண்ணக்கல்லைப் படகிலேற்றி பிரமிடுக்குக் கொண்டு சேர்த்ததை நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறார். எழுத்துள்ள பபைரஸ் ஏடுகளில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை இவையே. மன்னனின் பெருமையைப் பாடுவதற்கன்றி, ஓர் உழைப்பாளி தம் வேலைக் கணக்கை வைப்பதற்கு எழுதப்பட்டவை! என் மாணவரும் இன்று இதே வேலையைத்தான் செய்கிறார் என்பதை எண்ணிக் கொண்டேன்.

கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராம்ஸேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்க்குக் கூலித் தானியம் தாமதமாயிற்று. அவர்கள் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறி, கோயிலின் பின்புறம் அமர்ந்துவிட்டனர். பசியும் தாகமுமே தங்களை இங்குக் கொண்டுவந்தன என்று அதிகாரிகளிடம் முறையிட்டனர். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தமாக அறிஞர் இதனைக் கருதுவர். மன்னனைக் கடவுளாக வணங்கிய நாட்டிலும் மக்கள் நியாயம் கேட்கத் தயங்கவில்லை.

அந்த மக்களை வளர்த்தது நைல். மழை அரிதான அம்மண்ணில், கோடைதோறும் பெருகி வந்த வெள்ளமே வயலுக்கு நீரும் வண்டலும் தந்தது. அவ்வெள்ளத்தை அளக்க, கி.பி. 861இல் அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் காலத்தில் கெய்ரோவின் ரவ்தா தீவில் ஓர் அளவைக் கிணறு கட்டப்பட்டது. நடுவே முழக்கணக்குக் குறித்த தூண். சுவரில் நீரையும் பயிரையும் பற்றிய இறைவசனங்கள். பதினாறு முழம் ஏறினால் ஊரே மகிழும், குறைந்தால் பஞ்சம். பள்ளிவாசலில் தொழுதவரும் மாதா கோயிலில் மன்றாடிய கிப்திகளும் அந்த ஒரே தூணைத்தான் பார்த்திருந்தார்கள். 1970இல் அஸ்வான் பேரணை முடிந்ததும் அந்தப் பெருக்கு நின்றது. மின்சாரமும் ஆண்டு முழுதும் பாசனமும் கிடைத்தன. ஆயினும் வண்டல் நின்றது, ஏறத்தாழ 50,000 நூபியர் தம் ஊர்களை ஏரிக்குக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்தனர்.

அரபி படித்தவன் என்ற முறையில் ஒரு சொல்லையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ரொட்டிக்கு அரபியில் 'குப்ஸ்' என்று பெயர். மிஸ்ரு மக்களோ அதை 'ஐஷ்' என்பார்கள். ஐஷ் என்றால் வாழ்வு. என் மாணவர் முன் அந்த முதியவர் நகர்த்தி வைத்தது வெறும் ரொட்டித் துண்டன்று. தம் வாழ்வில் பாதி.

மிஸ்ரு வெற்றிகொள்ளப்படும் என்று முன்னறிவித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அம்மக்களிடம் நல்லவிதமாய் நடந்து கொள்ளுமாறும், அவர்களோடு நமக்கு உறவு உண்டு என்றும் உபதேசித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. அந்த உறவு இஸ்மாயீல் நபி (அலை) அவர்களின் தாயார் ஹாஜர் அம்மையார் வழி வந்தது என்பது உலமாக்களின் விளக்கம். இந்த ஹதீஸை நான் அறியாதவனல்லன். அறிந்திருந்தும் சிறுவர்களுக்குச் சொல்ல மறந்தேன்.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் கூறிய தீர்ப்புகள் பலவற்றை மிஸ்ருக்கு வந்த பின் மாற்றிக்கொண்டார்கள். முன்னவை 'கவ்லு கதீம்', பின்னவை 'கவ்லு ஜதீது' என்று நாம் ஓதுகிறோம். தாம் சொன்னதைத் தாமே திருத்த அந்த மாமேதை வெட்கப்படவில்லை. அவரைப் பின்பற்றும் இந்த எளிய ஆசிரியன் ஏன் வெட்கப்பட வேண்டும்?

விடுமுறை முடிந்து மாணவர் புறப்படும் நாளில், அந்த முதியவருக்கு அரபியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். "தவறு என் மாணவருடையதன்று, என்னுடையது. மன்னித்து விடுங்கள்" என்பதே அதன் சாரம். மதரஸாவில் மூஸா நபி வரலாறு மீண்டும் வந்தபோது, ஃபிர்அவ்னில் தொடங்காமல் ஆசியா அம்மையாரில் தொடங்கினேன். பாடம் முடிந்ததும் ஒரு சிறுவன், "ஹஜ்ரத், அப்படியானால் மிஸ்ருக்காரர்கள் நமக்குச் சொந்தமா?" என்று கேட்டான்.

"ஆம்" என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய பதில்.