நாலாவது மணிக்கு யார்?

உங்கள் வீட்டு வாசலில் நின்று யாராவது "அம்மா!" என்று கூப்பிட்டால் முதலில் குரல் கொடுப்பது யார்? நீங்கள் அடுப்படியில் இருந்தால் மாமியார். அவர் பூஜையில் இருந்தால் நாத்தனார். ஒருவருமே இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி, "கோவிலுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிடுவார்! இந்த ஏற்பாட்டை எவரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் நடக்கிறது. காரியாலயத்து டெலிபோனுக்கு மட்டும் இதை எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

எழுதும்போது என்னென்ன வெளிவரும் என்பதைக் கோவில்பட்டியில் பார்த்தேன். மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் விளையும் கரிசல் சீமை அது. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் அங்கே பிழைப்பு. என் சித்தப்பாவுக்குக் கடலைமிட்டாய் வியாபாரம். 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூர் அழைப்புகள் அவருக்கு அதிகமாயின. டெலிபோனோ அவர் மேஜைமேல் ஒன்றே ஒன்று. அவர் சாப்பிடப் போனால் அது தன் பாட்டுக்கு அடித்து ஓயும். அடுத்த கூடத்தில் மிட்டாயைப் பொட்டலம் கட்டும் பெண்கள் 14 பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அதைத் தொடக் கூடாது என்பது சட்டம். அவர்களுடைய செல்போன்களும் வேலை நேரத்தில் அலமாரிக்குள் இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அப்படி அடித்து ஓய்ந்த அழைப்பு வியாபாரிகளுடையது அல்ல; ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் மகன் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தான். தாய்க்கு விஷயம் தெரிந்தது சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகுதான். மறுநாள் அவள் சண்டை போடவில்லை. "மணி அடிச்சது எங்க காதுல விழுந்துச்சுக்கா. எம் பிள்ளைக்குன்னு தெரியாமப் போச்சே!" என்று மட்டும் சித்தியிடம் சொன்னாளாம்.

சித்தி அந்த வாரமே இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டாள். வெளியிலிருந்து வரும் ஒரே லைனைப் பல அறைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச் அது. அதைப் பொருத்த வந்த பையன் கேட்ட முதல் கேள்வி:

"அண்ணாச்சி, நீங்க எடுக்கலைன்னா கால் எங்கே போகணும்?"

"எங்கிட்டும் போக வேண்டாம்ப்பா. நான் வந்து பேசிக்கிடுதேன்."

"கூப்பிட்டவங்க காத்துக்கிட்டு இருக்கணுமே, அண்ணாச்சி!"

பையன் பொறுமையாக விளக்கினான். எடுக்க ஆளில்லாதபோது ஒரு வழி. லைனில் வேறு பேச்சு நடக்கும்போது ஒரு வழி. கடை சாத்திய பிறகு ஒரு வழி. எத்தனை மணி அடித்த பின் அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கலாம். நம் நாட்டில் அழைப்பவர் காதில் விழும் 'ட்ரிங்-ட்ரிங்' ஒரு சுற்றுக்கு 3 விநாடி. நாலு மணி என்றால் 12 விநாடி.

"நாலு மணிக்கு மேலே கூடத்துக்குப் போகட்டும்" என்றாள் சித்தி.

"அவங்களுக்கு ஆர்டர் எடுக்கத் தெரியுமா?" என்றார் சித்தப்பா.

"ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம் கட்டினோம்னு கணக்குச் சொல்றது யாரு? நீங்களா?"

சித்தப்பா பிறகு பேசவில்லை! இரண்டாம் இடம் கூடம். மூன்றாம் இடம் மாடியில் வீடு. கூடத்து டெலிபோன் பக்கத்தில் நூல் கட்டிய பென்சிலுடன் ஒரு நோட்டு. பெயர், நம்பர், நேரம், விஷயம் - நாலே கட்டம்.

நாம் கூப்பிடுவது யாரிடம் போய்ச் சேருகிறது என்ற கவலை புதிதல்ல, நேயர்களே! அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் பிணச் சடங்குத் தொழில் செய்து வந்தார். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் தம்முடைய அழைப்புகளைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவர் சந்தேகப்பட்டதாகக் கதை. ஆள் குறுக்கிடாமல் இணைப்புத் தரும் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-ல் அவர் காப்புரிமை பெற்றார். மறு வருஷமே லா போர்ட் என்ற ஊரில் அது வேலைக்கு வந்தது.

அந்தச் சந்தேகம் இன்றைக்கும் வேண்டியதுதான். 'இந்த எண்ணை அழுத்துங்கள்' என்று யாரோ சொல்ல, அழுத்தியவர்களின் அழைப்புகளெல்லாம் மோசடிக்காரர்களுக்குத் திரும்பின. அதனால் 2024 ஏப்ரல் 15 முதல், எண்ணை அழுத்தி அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை நிறுத்தி வைக்கும்படி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் அழைப்பு எங்கே திரும்ப வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். முன்பின் தெரியாதவர் பேச்சைக் கேட்டு எதையும் அழுத்த வேண்டாம்.

உங்கள் கடையிலோ ஆபீஸிலோ இப்படி ஒரு பட்டியல் போட்டால், கடைசிப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் எழுதுங்கள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் வெளியிலிருந்து நீங்களே கூப்பிட்டு, எத்தனையாவது மணிக்கு யார் எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மேஜைக்குப் பக்கத்தில் இருந்தும் இதுவரை டெலிபோனைத் தொடாதவர் யார் என்றும் பாருங்கள். பட்டியலில் அடுத்த பெயர் அவருடையதாக இருக்கட்டும்!