ருவான்வெல்லையில் ஒரு பழைய கணனி

2023 செப்டெம்பர் மாதத்தின் நடுப்பகுதி. அரசாங்க மின்னஞ்சல் சேவை இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மடல்கள் அழிந்துபோன செய்தியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தேன். அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த மூன்று மாதத்துக்குக் காப்புப்பிரதி இல்லை என்று பொறுப்பான அரச நிறுவனமே ஒப்புக்கொண்டிருந்தது. கொஞ்சம் குத்தலான தலைப்பொன்றை யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் ருவான்வெல்லையிலிருந்து தொலைபேசி வந்தது. எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்த ஆசிரியர். எண்பதை நெருங்குகிறார்.

"தம்பி, நம்ம பெரிய கணனி டக்டக்குன்னு சத்தம் போடுது. பிள்ளைங்க பயப்படுதுங்க."

தலைப்பை மாற்றிவிட்டேன். மற்றவரைப் பரிகசிக்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை. அந்தப் 'பெரிய கணனி'யின் காப்புப்பிரதி ஒழுங்காக நடக்கிறதா என்று 2009 முதல் ஒரு தடவையேனும் நான் போய்ப் பார்த்ததில்லை.

ருவான்வெல்லைக் கடைத்தெருவில், ஒரு கடையின் மேல்மாடியில் ஒன்றரை அறை. அதுதான் காரியாலயம். ஓய்வுபெற்ற பின் ஆசிரியர் தாமாகவே தொடங்கிய வேலை அது. சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டங்களின் லயங்களிலிருந்து பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதித் துண்டு என்று எது வந்தாலும் வருடிப் படமாக்கி, இலக்கமிட்டு, கணனியில் சேர்த்துவைப்பார்கள். மூலப்பத்திரம் உரியவரிடமே திரும்பிவிடும். தோட்டப் பிள்ளைகள் இருவர் மாறிமாறி அங்கே பணிபுரிகிறார்கள். கணனி, கொழும்பில் ஒரு கம்பனி புதிது வாங்கியபோது கழித்துக் கொடுத்த பென்டியம் 4. வன்தட்டின் கொள்ளளவு 80 ஜிகாபைட். மற்ற இரண்டு சிறு கணனிகளும் அதனோடு கம்பியால் இணைந்து அதிலேயே கோப்புகளைச் சேமிக்கும். வைரசுக்குப் பயந்து எதற்கும் இணையத் தொடர்பு கொடுக்கவில்லை.

இந்தக் காகிதங்களின் கனம் மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு உடனே விளங்காது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று மகன் நிறுவ வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே கண்டிராத லயத்து மனிதன் எதைக் கொண்டு நிறுவுவான்? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. என் பெரியப்பா குடும்பம் அந்தப் பங்கீட்டில் தலைமன்னார் போய் இராமானுஜம் கப்பலேறியது. என் தகப்பனார் இந்தப் பக்கம் நின்றார். நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்கு விண்ணப்பமும் விசாரணையுமின்றி ஒரு பிரகடனத்தோடு பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே எங்கள் வீடுகளில் தங்கம் இருந்ததோ இல்லையோ, தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதனுள் காகிதம் இருந்தது. 2016 மே 17 அன்று புளத்கொஹுபிட்டிய கலுபஹன தோட்டத்தில் மண்சரிந்து லயத்தை மூடியபோது செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். முகாமில் ஒரு பெண், தன் வீடு போனதைச் சொல்லுமுன் பெட்டி போனதைச் சொன்னார். அந்த வாரமே ஆசிரியரின் காரியாலயத்துக்கு என் அம்மாவின் பதிவுச் சான்றிதழையும் கொடுத்து வருடிவைத்தேன். பின்னர் மூலத்தைக் கறையான் தின்றது. அதன் ஒரே உருவம் அந்தச் சத்தமிடும் வன்தட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் கணனிப் பிரிவிலிருந்து ஒரு தம்பியை அழைத்துக்கொண்டு அவிசாவளை வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். "காப்புப்பிரதி இருக்கே சேர், தினமும் அஞ்சு மணிக்கு எடுக்கிறோம்" என்று அலுமாரியைத் திறந்து வெளித்தட்டைக் காட்டினாள் பணியிலிருந்த பிள்ளை. தட்டில் படங்கள் எல்லாம் இருந்தன. முந்தைய நாள் வருடிய படம்கூட இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "பதிவேட்டைத் திறங்க" என்றான்.

பதிவேடு என்பது ஒரேயொரு கோப்பு. படத்தின் பெயர் வெறும் இலக்கம். அந்த இலக்கம் யாருடைய காகிதம், எந்தத் தோட்டம், எந்த லயம் என்ற விபரமெல்லாம் பதிவேட்டில்தான். வெளித்தட்டில் இருந்த பதிவேடு 2022 பெப்ரவரியோடு நின்றிருந்தது. அதற்குப் பின் சேர்ந்த 640 படங்களுக்குப் பெயர் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கத் தம்பிக்குக் கால்மணி நேரம்தான் எடுத்தது. கணனியை அணைத்து மின்னிணைப்பைக் கழற்றி மீண்டும் இயக்கினான். கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. பிள்ளை பழக்கதோஷத்தில் கைநீட்டி எஃப்-1 விசையை அழுத்தினாள். "கரண்ட் போனா இப்படித்தான் கேக்கும் சேர், இதை அழுத்தினா சரியாயிடும்." திரையின் மூலையில் திகதி 2002 ஜனவரி 1 என்றிருந்தது.

தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாத வேளையில் கணனியின் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது செத்திருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வெட்டோடும் இக்கணனி இருபது வருடம் பின்னே போய் நின்றது. இணையத் தொடர்பு இருந்திருந்தால் நேரம் தானாகத் திருந்தியிருக்கவும் கூடும். வைரசுக்குப் பூட்டிய கதவு அந்த உதவியையும் தடுத்துவிட்டது.

பிரதி எடுக்கும் சிறு நிரலை எழுதியவர் இப்போது கட்டாரில் வேலைசெய்யும் ஒரு பையன். அதன் விதி எளிமையானது: வெளித்தட்டில் இல்லாத கோப்பை எடு, இருக்கிற கோப்பானால், இங்குள்ளது அதைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் எடு. பழைய யூ.எஸ்.பி. வழியில் எல்லாவற்றையும் நாள்தோறும் நகல் எடுப்பதென்றால் விடிந்துவிடும். ஆகவே அவன் எழுதியதில் பிழையில்லை. புதிய படங்கள் வெளித்தட்டில் இல்லாதவை என்பதால் தவறாமல் போய்ச் சேர்ந்தன. பதிவேடு மட்டும் 2002இல் திருத்தப்பட்டதாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. 2022 பெப்ரவரித் திகதியிட்ட பிரதி அதைவிடப் புதியதல்லவா? நிரல் அதைத் தொடாமல் விட்டது. நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு, ஒழுங்காக, ஒன்றரை வருடமாக விட்டது. திரையில் ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

எஞ்சியிருந்த நம்பிக்கை சத்தமிடும் வன்தட்டுத்தான். சாகும் தட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கக் கூடாது என்று தம்பி சொன்னான். ஒவ்வொரு வாசிப்பும் அதன் ஆயுளில் கழியும். லினக்ஸ் இறுவட்டொன்றைப் போட்டு, டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் தட்டு முழுவதையும் புதிய தட்டொன்றுக்குப் பெயர்க்கத் தொடங்கினான். அதன் முறை எனக்குப் பிடித்திருந்தது. வாசிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். மறுக்கிற இடத்தில் மல்லுக்கு நிற்காமல் குறித்துவைத்துத் தாண்டும். கடைசியில்தான் குறித்த இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும். நேர்காணலுக்குப் போகும் இளம் நிருபர்களுக்கு நான் முப்பது வருடமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

பத்தொன்பது மணித்தியாலம் ஓடியது. இரவு கடைக்காரர் தயவில் மேல்மாடியிலேயே படுத்தோம். விடியற்காலையில் தட்டின் பெரும்பகுதி வந்திருந்தது. பதிவேடு கிடந்த இடம் வரவில்லை. கோப்பு இருந்தது, திறக்கவில்லை.

அப்போதும் ஒரு வேடிக்கை காத்திருந்தது. வெளித்தட்டிலிருந்த பழைய பதிவேட்டைத் தம்பியின் மடிக்கணனியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. எனக்கு அது பழைய சிநேகிதம். எழுத்துரு பாமினி. எங்கள் பத்திரிகைகளும் பல்லாண்டு காலம் அதில்தான் பக்கம் அமைத்தன. பாமினி இல்லாத கணனிக்கு அது தமிழே அல்ல. எழுத்துருவை நிறுவியதும் பெயர்கள் எழுந்து வந்தன. அன்றே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம்.

640 படங்கள் பாக்கி. மென்பொருளால் ஆகக்கூடியது முடிந்திருந்தது. அடுத்துவந்த போயா விடுமுறைகளில் ஆசிரியரும் பிள்ளைகள் இருவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்து வாசித்தோம். கேகாலை மாவட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்கள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். பதிவாளர் தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். ஒரே மனிதர் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயராகவும், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு பெயராகவும், அடையாள அட்டையில் மூன்றாவதாகவும் இருந்தார். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இவன் தகப்பன் பேரைப் பாரு, நம்ம கீழ்க்கணக்கு மாரிமுத்து மகன்தான் இவன்" என்று சேர்த்துவைத்தார். அந்த நினைவுக்கும் பிரதி கிடையாது என்பது அப்போது எனக்குள் ஓடியது, வாய்விட்டுச் சொல்லவில்லை. தை பிறக்கும்போது 617 படங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தவை குடும்பப் படங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதங்கள், பாதி கிழிந்த துண்டுகள். அவற்றை அச்செடுத்து மாரியம்மன் திருவிழாவின்போது கோயில் மடத்துச் சுவரில் ஒட்டினோம். 19 பேரை ஊர் அடையாளம் சொன்னது. 4 படங்கள் இன்றும் வெறும் இலக்கமாகவே இருக்கின்றன.

இப்போது காரியாலயத்தில் இருப்பதும் பழைய கணனியொன்றுதான். முந்தையதைவிடக் கொஞ்சம் இளையது. மின்கலம் மாற்றியாயிற்று. ஒரு தேநீரும் இரண்டு வடையும் வாங்கும் காசு. பிரதி எடுக்கும்போது திகதியை நம்பாமல் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் முறைக்குத் தம்பி மாற்றியிருக்கிறான். பதிவேடு மட்டும் ஒவ்வொரு நாளும் தனிப்பெயரில் சேமிக்கப்படுகிறது. நேற்றையதை இன்றையது மிதிக்காது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றேனும் வேறிடத்தில் என்றொரு விதி உண்டு. அதைப் பிரபலமாக்கிய பீட்டர் குரோக் ஒரு நிழற்படக் கலைஞர், பொறியியலாளர் அல்லர். இழக்கக்கூடியதைக் கையில் வைத்திருப்பவனுக்கே இந்தப் புத்தி முதலில் வருகிறது போலும். பத்திரிகைக்காரர்களுக்கும் அது வந்திருக்க வேண்டும். 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களோடு, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்ததைப் பார்த்த தலைமுறை எங்களுடையது.

'வேறிடம்' என்பதில் ஒரு தடவை சறுக்கினோம். முதலில் அவிசாவளையில் உறவினர் வீடொன்றைத் தெரிவுசெய்தேன். ஆசிரியர் வரைபடத்தை விரித்து விரலால் ஆற்றைத் தொடர்ந்தார். ருவான்வெல்லைப் பக்கத்துக் குருகொட ஓயா களனியில் விழுகிறது. களனி அவிசாவளையைத் தொட்டுக்கொண்டு போகிறது. "ரெண்டும் ஒரே தண்ணிதானே தம்பி?" ஆகவே ஒரு தட்டு கேகாலை நகருக்குப் போனது. இன்னொன்று கடவுச்சொல்லிட்டுக் கொழும்பில் என் அலுமாரியில். பிறர் வீட்டுப் பத்திரங்கள் என்பதால் பூட்டும் அவசியம்.

2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜொன் நகரில் அரச தரவு நிலையம் தீப்பற்றி, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் பிரதியில்லாமல் அழிந்தன. பிரதி எடுக்கமுடியாத அளவுக்குப் பெரியது என்பதே சொல்லப்பட்ட காரணம். தீ தொடங்கியது மின்கலத்தில். செய்தியை ஆசிரியருக்கு வாசித்துக் காட்டினேன். "அவங்களுக்கும் பெற்றரிதானா?" என்றார். இரண்டு மாதம் கழித்து டித்வா சூறாவளி வந்து களனி பெருகிய இரவில் அவருக்குத் தொலைபேசி எடுத்தபோது, கேகாலைத் தட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அவர் சுகத்தை அதன் பிறகே விசாரித்தேன் என்பதை இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமை பிள்ளைகளில் ஒருத்தி பதிவேட்டைக் கண்ணை மூடித் தொட்டு ஒரு பெயரைத் தெரிவுசெய்வாள். கேகாலையில் தட்டை வைத்திருப்பவர் தம் பிரதியிலிருந்து அந்தப் பத்திரத்தைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒருமுறை விரல் என் அம்மாவின் பெயரில் விழுந்ததாம். பிள்ளை எனக்கும் அனுப்பியிருந்தாள். முத்திரையும், ஒட்டிய படமும், கீழ்மூலையில் அம்மா எப்போதோ சிந்திய தேநீர்க் கறையும் தெளிவாகத் தெரிந்தன.