‘ஒண்ணுமில்லை’ என்றால் நம்பலாமா?

வீட்டில் யாராவது “ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டால் நமக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. மேற்கொண்டு கேட்டால்தானே வேலை! ஆனால், ஆய்வக மேசையிலேயே தலை நரைத்த என்னைப் போன்றவர்கள் அந்தப் பதிலை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு சோதனை ‘இல்லை’ என்று காட்டினால், உண்மையிலேயே இல்லையா, அல்லது சொல்லத் தெம்பில்லாமல் பேசாமல் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். இந்தப் பழக்கத்தை எனக்கு ஊட்டியது காசநோய்க்கான ஒரு ரத்தப் பரிசோதனை.

நம் ரத்தத்தில் உள்ள பாதுகாப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளச் சில புரதங்களைச் சுரக்கின்றன. சைட்டோகைன்கள் என்று பெயர். கொரோனாக் காலத்தில் ஊரெல்லாம் பேசப்பட்ட ‘ஐஎல்-6’ இந்த வகைதான். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த இண்டர்ஃபெரானும் இந்தக் குடும்பம். அதில் காமா என்று ஒரு வகை உண்டு. காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி-அணுக்கள், அந்தக் கிருமியின் புரதத்தை மறுபடி பார்த்தால் காமா இண்டர்ஃபெரானை வெளியிடும். அதை அளந்தால், ஆள் எப்போதாவது அந்தக் கிருமியைச் சந்தித்தவரா என்று தெரியும். நோயாகவே முற்றியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும்.

கையில் ஊசி போட்டு வீக்கம் பார்க்கும் மாண்டூ சோதனை பலருக்கும் தெரிந்ததே. பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்கும் அதில் வீங்கலாம். ரத்தச் சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. இதில் பயன்படும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களும் பிசிஜி கிருமியிடம் கிடையாது.

அந்தப் புரதங்களைவிட என்னை ஈர்த்தது, ரத்தம் வாங்கும் டியூப்கள். குவான்டிஃபெரான் பிளஸ் என்ற சோதனையில் 4 டியூப். ஒவ்வொன்றிலும் 1 மில்லி ரத்தம். பச்சை, மஞ்சள் மூடி போட்ட இரண்டில் காசநோய்க் கிருமியின் துண்டுகள் இருக்கும். சாம்பல் நிற மூடி போட்டதில் எதுவும் இராது. ஊதா மூடி போட்டதில் பைட்டோஹீமக்ளுட்டினின் என்ற பொருள். பீன்ஸ் வகைப் பயறுகளில் இருப்பது. சரியாக வேகாத ராஜ்மாவைத் தின்றால் வயிற்றைக் கலக்குவதும் இதுவே. உயிருள்ள டி-அணு எதுவானாலும் இதைக் கண்டால் சும்மா இருக்காது. காசநோய் உண்டா இல்லையா என்பதற்கும் இந்த டியூபுக்கும் சம்பந்தமே இல்லை. ‘இந்த ரத்தத்துக்குப் பேச வலு இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்பது அதன் வேலை.

37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்த பிறகு, மேலே நிற்கும் தெளிநீரை எடுத்துக் குழிகள் நிறைந்த தட்டில் விடுவோம். குழியின் அடியில் காமா இண்டர்ஃபெரானைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி பூசியிருக்கும். அதே புரதத்தை இன்னோர் இடத்தில் பற்றும் இரண்டாவது ஆன்டிபாடியையும் சேர்ப்போம். இதன் முதுகில் ஒரு நொதி ஒட்டியிருக்கும். ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரிலிருந்து எடுப்பது. ஆன்டிபாடிக்கு இப்படி அடையாளம் ஒட்டலாம் என்று 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயத்தை வைத்துக் காட்டினார். 1971இல் சுவீடனில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் சாயத்துக்குப் பதில் நொதியை ஒட்டினார்கள், எலைசா என்ற இந்தச் சோதனை முறை பிறந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, தட்டை ஆறு தடவையாவது கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் தட்டைக் கவிழ்த்து, டிஷ்யூ காகிதத்தின் மேல் ‘தட் தட்’டென்று தட்டுவோம். சும்மா ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் போய்விடும். இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் நடுவே அகப்பட்டது மட்டும் மிஞ்சும். பிறகு நிறம் தரும் திரவத்தை விட்டால் குழி மெல்ல நீலமாகும். அமிலத்தைச் சேர்த்ததும் சட்டென்று மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி அளந்து சொல்லும்.

கணக்கு எளிது. வெற்று டியூபில் வந்ததைக் கழித்துவிட்டு, கிருமிப் புரத டியூப் ஏதாவது ஒன்றில் 0.35 அலகோ அதற்கு மேலோ இருந்தால், கூடவே அது வெற்று டியூபின் அளவில் கால்பங்குக்குக் குறையாமலும் இருந்தால், ‘பாசிட்டிவ்’. அவை பேசாமல், ஊதா டியூப் மட்டும் நன்றாகப் பேசியிருந்தால் ‘நெகட்டிவ்’. ஊதாவும் பேசவில்லை என்றால்? அப்போது ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. ‘முடிவு சொல்ல இயலாது’ என்றுதான் எழுத வேண்டும். வெற்று டியூபிலேயே 8 அலகுக்கு மேல் இரைச்சல் இருந்தாலும் அதே பதில்தான்.

இது வெறும் ஆய்வகச் சட்டம் அல்ல. எங்கள் சென்னை கோட்டூர்புரம் அடுக்ககத்தில் ஒரு மாமி. முடக்குவாதத்துக்காக நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர். மருத்துவர் ‘பயாலஜிக்’ ஊசிக்கு மாற்ற நினைத்தார். இந்த ஊசிகளில் சில, டிஎன்எஃப் என்ற இன்னொரு சேதிப் புரதத்தையே அடக்குபவை. டிஎன்எஃப் அடங்கினால், நுரையீரலில் தூங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசிக்குப் பிறகு காசநோய் கண்ட 70 பேரைப் பற்றி 2001இல் அமெரிக்காவில் ஆய்வறிக்கை வந்ததிலிருந்து, முன்கூட்டியே சோதிப்பது வழக்கமாயிற்று. மாமியின் மகன் ரிப்போர்ட்டோடு வந்து, “பாசிட்டிவ்னு போடலை சார், அப்ப ஒண்ணுமில்லைதானே?” என்றான். ஊதா டியூப் எண்ணைக் காட்டினேன். அதுவும் ஏறக்குறையச் சுழி. “அம்மாவோட ரத்தம் இப்ப எதுக்குமே பதில் சொல்ற நிலைமையில இல்லப்பா. டாக்டர்கிட்ட திரும்பப் போ” என்றேன். மறுபடி ரத்தம் எடுத்து, மார்பு எக்ஸ்ரேயும் பார்த்த பிறகுதான் ஊசியை ஆரம்பித்தார்கள்.

நம் ஊரிலேயே இதை ஆழமாகப் பார்த்தவர்கள் உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணமாக்கலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களிடம் இந்த இண்டர்ஃபெரான் சோதனை எவ்வளவு பயன்படும் என்று அதே மையத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. அழிப்பது, இந்தச் சேதியைச் சொல்ல வேண்டிய அணுக்களையே. சேதிக்காரனே இல்லாத இடத்தில் சேதி வரவில்லை என்று நிம்மதியடைய முடியுமா?

ஓய்வுபெற்ற பிறகு, தட்டையும் குழியையும் விட்டு மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் அதே சட்டம் செல்லுகிறது.

எங்கள் பகுதியில் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் இங்கேயுமாக இருக்கும் வீடுகள் நிறைய. மரப் பூங்காவில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவருக்கு, தன் பார்க்கிங் இடம் உயிர். யாராவது வண்டியை அங்கே நிறுத்திவிட்டால் அவர் குரல் மூன்றாம் மாடிவரை கேட்கும். மனைவி தவறிய பிறகு, யார் கேட்டாலும் “நான் நன்னா இருக்கேன்” என்றார். அழவில்லை, புலம்பவில்லை. திடமான மனுஷர் என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒருநாள் யாரோ அவர் இடத்தில் காரை நிறுத்திவிட்டார்கள். பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போய்விட்டார். எனக்குத் திக்கென்றது. அன்று இரவே சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகளுக்குப் போன் செய்தேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்போதோ குறைந்திருக்கிறது. மகள் வந்து மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டார். இப்போது பார்க்கிங்கில் மறுபடி சத்தம் கேட்கிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் ஊதா டியூப் உண்டு. ஒருவருக்குச் சேப்பாக்கம் மேட்ச். ஒருவருக்கு மார்கழிக் கச்சேரி. ஒருவருக்குக் காபியில் டிகாஷன் குறைந்தால் ஆகாது. வெற்று டியூபும் உண்டு. எப்போதும் மூட்டுவலி பேசுகிறவர் இன்றும் மூட்டுவலி பேசினால், வழக்கமானதைக் கழித்துவிட்டு, புதிதாக என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும். அன்றாடம் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும் வீட்டில், ஒருவரின் முனகல் யார் காதிலும் விழாது. முதலில் சத்தத்தைக் குறைக்க வேண்டும். எதற்கும் பிடி கிடைக்காவிட்டால், “இன்னும் தெரியலை” என்று ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டாம். தெரியாததை ‘நல்லபடியாக இருக்கிறார்’ என்ற கணக்கில் எழுதிவிடுவதுதான் ஆபத்து.

வாரக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து போன் போடும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். “நல்லா இருக்கியாப்பா?” என்று கேட்டுப் பயனில்லை, அதற்கு எல்லா அப்பாக்களும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். அவர் சண்டைக்கு வரக்கூடிய ஒரு விஷயத்தை எடுங்கள். அவருக்குப் பிடிக்காத ஆட்டக்காரரைப் புகழுங்கள். பாடகரைக் குறை சொல்லுங்கள். சீறி விழுந்தால், அவர் ‘ஒண்ணுமில்லை’ என்பதை நம்பலாம். “ஆமாம்ப்பா, நீ சொல்றது சரிதான்” என்று விட்டுவிட்டால், ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.